பிழையில்லா நாள் நானூற்றுப் பதிமூன்று

அந்த ஆஸ்பத்திரியில் யாரும் தப்பு செய்வதில்லை. இது யாரோ கிளப்பிவிட்ட பேச்சு அல்ல. வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. மேலே ‘மருந்துப் பிழையில்லா நாட்கள்’ என்று கொட்டை எழுத்து, கீழே கழற்றி மாட்டுகிற மாதிரி மூன்று எண் தகடுகள். தினமும் காலை எட்டரை மணிக்குத் தரத் துறையிலிருந்து ஒருவர் முக்காலியோடு வந்து, அதன்மேல் ஏறி, கடைசித் தகட்டைக் கழற்றி அடுத்த எண்ணை மாட்டுவார். அப்போது அங்கே இருக்கிற ஊழியர்கள் கைதட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. நோயாளிகள் தட்டத் தேவையில்லை, தட்டினால் தடுக்க வேண்டாம் என்பதும் அதிலேயே இருந்தது.

பலகை முந்நூற்றுத் தொண்ணூறைத் தாண்டிய வாரத்தில் அவள் அங்கே பயிற்சி மருந்தாளுநராகச் சேர்ந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் அவள் பெயர் எறும்பு எழுத்திலும், ‘பயிற்சி’ என்ற சொல் யானை எழுத்திலும் அச்சாகியிருந்தது. அதனால் இரண்டாம் நாளே எல்லாருக்கும் அவள் பயிற்சி ஆகிவிட்டாள். “பயிற்சி, நாலாம் வார்டுல கூப்பிடறாங்க” என்பார்கள். “பயிற்சி சாப்பிடப் போயிருக்கு” என்றும் சொன்னார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

முதல் வாரம் முழுக்க வகுப்பு. தர இயக்குநர் மேடமே வந்து பேசினார். உருக்கமாகப் பேசக்கூடியவர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்.

“இங்க தப்பு பண்ணிட்டா தண்டனை கிடையாது. எங்கிட்டயே வந்து சொல்லலாம், பயமே வேண்டாம். நானூறு நாளா ஒருத்தரும் வந்து சொல்லலன்னா அதுக்கு என்ன அர்த்தம்? தப்பே நடக்கலன்னு அர்த்தம். வந்து சொன்னாத்தானே அது தப்பு.”

பயிற்சி இதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நன்றாகப் படித்த பெண். சொன்னதை எழுதிக்கொள்கிற பழக்கம் பள்ளியிலிருந்தே உண்டு.

அவள் வேலை இதுதான். வார்டில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று விசாரிக்க வேண்டும். அதை டாக்டர் இப்போது எழுதியதோடு ஒப்பிட்டு, எது தொடரும், எது நிற்கும் என்று பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நர்ஸ்கள் மாத்திரை கொடுப்பார்கள். நடுவில் தலைமை மருந்தாளுநர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். மணிக்கு நூறு கையெழுத்து அவர் வேகம். அந்த வேகத்தைப் பாராட்டி அவருக்கு இரண்டு முறை சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை நாலாம் வார்டு பதினோராம் கட்டிலுக்கு ஒரு பெரியவர் வந்தார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது என்று மகள் அழைத்து வந்திருந்தாள். மகள் ஒரு துணி ஆலையில் மேற்பார்வை பார்ப்பவள். அப்பாவோடு இருப்பதற்காக இரண்டு வாரம் லீவு போட்டிருந்தாள். டாக்டர் அவருடைய பழைய ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதியிருந்தார்.

பயிற்சி புதியதைப் பட்டியலில் சேர்த்தாள். பழையதை அடிப்பதற்குப் பேனாவை வைத்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். தரத் துறையிலிருந்து ஒரு பெண். மருந்துப் பட்டியல் எழுதும்போது ஊழியர்களுக்கு ஏற்படும் இடையூறுகளைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடப்பதாகவும், பதினாலே கேள்விதான் என்றும், இப்போதே பதில் வேண்டும் என்றும் அவள் சொன்னாள். பயிற்சி நின்றபடியே பதினாலுக்கும் பதில் சொன்னாள். ‘கடைசியாக உங்களுக்கு இடையூறு ஏற்பட்டது எப்போது?’ என்பது பன்னிரண்டாவது கேள்வி. யாரையும் சங்கடப்படுத்த வேண்டாமே என்று, ஞாபகமில்லை என்று சொல்லி வைத்தாள்.

திரும்பி வந்து பட்டியலை மேலிருந்து கீழ் ஒரு பார்வை பார்த்து அனுப்பிவிட்டாள். பழைய மாத்திரை அடிபடாமல் அப்படியே இருந்தது. தலைமை மருந்தாளுநர் அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் பெரியவருக்கு இரண்டு மாத்திரையும் போயிற்று. புதன்கிழமை காலை, மகள் கீழே டீ வாங்கப் போன நேரத்தில், அவர் கட்டிலை விட்டு எழுந்தார். எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்து, குளியலறை வாசலில் விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நெற்றியில் நாலு தையல்.

பதினோராம் கட்டில்காரர் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் பயிற்சி ஓடிப்போய்ப் பட்டியலைப் புரட்டினாள். ஆறாவது வரியில் அந்த மாத்திரை இருந்தது. அதை அடித்தாள், டாக்டரிடம் போய் அந்த மாத்திரை இன்னும் போய்க்கொண்டிருந்தது என்று சொன்னாள். அவர் பெரியவரின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் சரியாகிவிடும், மற்றதெல்லாம் உங்கள் துறையின் விவகாரம் என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கணக்கெடுப்புப் பெண்ணின் ஞாபகம் பயிற்சிக்கு வரத்தான் செய்தது. ஆனால் பேனா யார் கையில் இருந்தது என்ற கேள்விக்கு அது பதிலாகாது என்று தோன்றியது.

பெரியவர் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி, “அஞ்சு நிமிஷம் இருந்திருக்கலாம்ல நான்” என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பயிற்சி வந்த சுவடு தெரியாமல் திரும்பி வந்துவிட்டாள். அன்றைக்குக் கொண்டு போன சாப்பாடு திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குப் பலகையில் நானூற்றுப் பதிமூன்று ஏறியது. எல்லாரும் கைதட்டினார்கள். பயிற்சியின் கையும், பழக்க தோஷத்தில், இரண்டு முறை தட்டிவிட்டது.

அன்றே கணினியில் பிழை அறிவிப்புப் படிவத்தைத் திறந்தாள். நடந்ததையெல்லாம் எழுதினாள். கடைசியில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது: நோயாளி, உடனிருப்பவர், தரை, பிற. ‘பிற’ என்பதை அழுத்தினால், மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதி எண்ணைக் கேட்டது. எனவே தலைமை மருந்தாளுநரின் அறைக்குப் போனாள்.

அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சாத்தினால் ஏதோ ரகசியம் என்று ஆகிவிடுமே என்று திரும்பத் திறந்து வைத்தார். பிறகு, இதன் பெயர் பிழை அல்ல, ‘கிட்டத்தட்ட நிகழ்வு’ என்று விளக்கினார். பிழை நடக்க இருந்து நடக்காமல் போவதுதான் அது.

“நடந்திருச்சே சார். கை உடைஞ்சிருக்கு.”

“உடைஞ்சிருக்கா, விரிசலா? அதைச் சரியா சொல்லும்மா.”

“எலும்பு ரெண்டா இருக்கு சார். எக்ஸ்ரே பாத்தேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “கையெழுத்து என்னோடதும் இருக்கில்ல அதுல” என்றார், மெதுவாக. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் அதிகாரியாக இல்லாமல் சொன்னார். அதற்குப் பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, குழுவைக் கூட்டுவோம், குழு பார்த்துக்கொள்ளும் என்று அனுப்பிவைத்தார்.

குழுவின் பெயர் மூல காரண ஆய்வுக் குழு. ஒன்பது பேர். முதல் முக்கால் மணி நேரம், பெரியவர் ‘விழுந்தார்’ என்று குறிப்பில் எழுதலாமா அல்லது ‘தரை மட்டத்துக்கு வந்தார்’ என்று எழுதலாமா என்ற விவாதத்தில் போயிற்று. இரண்டாவது வெற்றி பெற்றது. அடுத்து தரைத் துறைக்காரர் ஒரு கருவியைக் கொண்டுவந்து, குளியலறை வாசல் வழுக்குமா என்று அளந்த கணக்கைப் படித்தார். வழுக்காது என்று தெரிந்தது. பெரியவரின் செருப்பை ஒரு பாலித்தீன் பையில் போட்டுச் சுற்றுக்கு விட்டார்கள். ஒவ்வொருவரும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். செருப்பும் புதுசு. ஓரத்தில் உட்காரச் சொல்லியிருந்த பயிற்சி மூன்று முறை கையைத் தூக்கினாள். கேள்விகள் கடைசியில் என்று மூன்று முறையும் சொன்னார்கள். கடைசியில் நேரம் முடிந்துவிட்டது.

தர இயக்குநர் மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“யார் மேலயும் பழி போடறது நம்ம பண்பாடு இல்ல. ஊழியர் ஒருத்தர் மனசு நோகறதை என்னால தாங்க முடியாது. அதனால, வெளியாள் யாராவது சம்பந்தப்பட்டிருக்காங்களான்னு பாருங்க.”

பார்த்தார்கள். சம்பவ நேரத்தில் உடனிருப்பவர் உடன் இல்லை என்பது தெரியவந்தது. மூல காரணம் கிடைத்துவிட்டதால் குழு கலைந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்; அங்கே இரண்டுக்கும் நடுவில் ஒன்பது கையெழுத்தும் ஒரு முத்திரையும் இருந்தன.

மறுநாள் மகளுக்கு ஒரு கடிதம் போனது. நோயாளியைத் தனியே விட்டுச் சென்றதன் விளைவை அவள் உணர வேண்டும், ‘உடனிருப்போர் பொறுப்பு’ என்ற ஒரு மணி நேர வகுப்பில் கலந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். அவள் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று நர்ஸ்கள் ஆச்சரியப்பட்டார்கள். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “சரிதான்” என்றாளாம். வெளியூரில் இருக்கிற அவள் தம்பிக்கும் அதைப் படம் பிடித்து அனுப்பினாளாம். அந்தத் தம்பி அதற்குப் பிறகு அவளோடு பேசவே இல்லை.

இதைக் கேட்ட நாளிலிருந்து பயிற்சி நாலாம் வார்டுக்குப் பின்பக்க மாடிப்படி வழியாகப் போனாள். பதினோராம் கட்டிலைத் தாண்டாமல் மருந்து அறைக்குப் போக அது ஒன்றுதான் வழி.

அவள் விடவில்லை என்றும் சொல்ல வேண்டும். தர இயக்குநருக்கு நேராகவே ஒரு கடிதம் எழுதினாள்: தப்பு என்னுடையது, ஆறாவது வரி, அந்தப் பெண்ணுக்கு அனுப்பியதைத் திரும்பப் பெறுங்கள். இரண்டு நாளில் பதில் வந்தது. அவளுக்கு இந்த ஆண்டின் வெளிப்படைத்தன்மை விருது.

அரங்கத்தில் நானூறு பேர். மேடையில் அவளுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். மேடம் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி தழுதழுத்தார். “இந்தப் பொண்ணு என்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லிச்சு. எவ்வளவு பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்? என்ன உண்மைன்னு கேக்காதீங்க. அதை நான் வெளில சொல்ல முடியாது.” அரங்கம் எழுந்து நின்றது. பயிற்சி ஒலிபெருக்கிப் பக்கம் கையை நீட்டினாள். அதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

வீட்டில் அம்மா கேடயத்தை டிவி பக்கத்தில் வைத்து, முந்தானையால் துடைத்தாள். பக்கத்து வீட்டில் சொல்வதற்காக, எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டாள்.

“உண்மையைச் சொன்னதுக்காம், அம்மா.”

“என்ன உண்மைடி?”

நானூறு பேர் கைதட்டிய உண்மையை அம்மாவிடம் சொல்லாமல், தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மா விளக்கை அணைத்துவிட்டு, கேடயம் இருட்டிலும் மின்னுகிறது என்று சந்தோஷப்பட்டாள்.

விருது பெற்றவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு கொடுப்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். அதன்படி, ‘உடனிருப்போர் பொறுப்பு’ வகுப்பை அந்த வாரம் எடுக்கப் போவது பயிற்சிதான் என்று உத்தரவு வந்தது.

தரைத் தளத்தில் ஒரு சின்ன அறை. ஏழு பேர் வந்திருந்தார்கள். யாரோ ஒருவர் அம்மாவின் கண்ணாடியை உடைத்திருந்தார். இன்னொருவர் பார்வை நேரம் தாண்டி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் பெரியவரின் மகள், மடியில் ஒரு நோட்டோடு. திரையில் மூன்றாவது படம் வந்தது. கட்டில் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி, அதன் கீழே ‘நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’ என்ற எழுத்து. பயிற்சி பாடத்தாளில் இருந்ததைப் படித்தாள். மகள் குனிந்து எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துக் கையைத் தூக்கினாள்.

“ஒரு சந்தேகம் மேடம். எனக்கே பாத்ரூம் போகணும்னா, அப்போ யாரைக் கூப்பிடணும்? தப்பா நினைக்காதீங்க. இனிமே சரியா செய்யணும்னுதான் கேக்கறேன்.”

அவளை விடப் பத்து வயது மூத்தவள், மேடம் என்கிறாள். பயிற்சி பாடத்தாளில் அதற்குப் பதில் தேடினாள். இல்லை. தாளை மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அக்கா, உங்க அப்பா விழுந்தது நீங்க டீ வாங்கப் போனதால இல்ல. நிறுத்தின மாத்திரையை நான் பட்டியல்ல அடிக்காம விட்டுட்டேன். ரெண்டு நாள் ரெண்டு மாத்திரையும் போயிருக்கு. அதுல அழுத்தம் இறங்கி, கண் இருட்டி விழுந்துட்டாரு. நீங்க பக்கத்துல இருந்திருந்தாலும் கண் இருட்டியிருக்கும். அது என் தப்பு.”

மகள் நோட்டை மூடவில்லை. பேனா மூடியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

“இது உங்களுக்கு எப்ப தெரியும்?”

“அன்னைக்கே தெரியும்.”

“இன்னைக்கு ஒன்பதாவது நாள்.”

“ஆமாக்கா.”

மகள் திட்டியிருந்தால் பயிற்சிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. கைபேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மூன்றாம் தடவை எடுத்ததும், “நான் பேசல. இங்க ஒருத்தங்க பேசுவாங்க, கேளு” என்று சொல்லிவிட்டுப் பயிற்சியிடம் நீட்டினாள்.

“என் தம்பி. எங்கிட்ட சொன்னதை அவன்கிட்டயும் சொல்லுங்க.”

பயிற்சி சொன்னாள். முன் பின் பார்த்திராத ஒருவனிடம், ஆறாவது வரியிலிருந்து ஆரம்பித்து ஒன்றையும் விடாமல் சொன்னாள். கடைசியில், “அக்காகிட்ட குடுங்க” என்று ஒரு குரல், அடைத்துப்போய். மகள் கைபேசியை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றாள். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது.

பின்வரிசையிலிருந்து, அம்மாவின் கண்ணாடியை உடைத்தவர் மெல்லக் கேட்டார்: “எங்கம்மா பட்டியலையும் ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?” அன்றைக்கு மூன்றாவது படத்துக்கு மேல் வகுப்பு நகரவில்லை.

வகுப்பு முடிந்து பயிற்சி நாலாம் வார்டுக்கு முன்பக்க வழியாகவே போனாள். பெரியவரிடமும் அதையே சொன்னாள். அவர் பாதியில் நிறுத்தச் சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு, “இந்தக் கை இனிமே ஒரு டம்ளரை ஒழுங்காப் பிடிக்குமான்னு டாக்டரே சந்தேகமா சொல்றாரு” என்றார். பிறகு, “என் பொண்ணை ஒன்பது நாள் அழ வச்சுட்ட” என்றார். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பயிற்சி கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

மறுநாள் விசாரணை. அதே ஒன்பது பேர். குற்றச்சாட்டு, பாடத்திட்டத்தில் இல்லாததை வகுப்பில் பேசியது. மாத்திரையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் தன் கையால் இரண்டு பக்கம் புகார் எழுதிக் கொடுத்திருந்தாள். அது எங்கே என்று பயிற்சி கேட்டதற்கு, அந்தக் கடிதத்தில் ‘உண்மையைச் சொன்ன அந்தப் பெண்ணுக்கு நன்றி’ என்று ஒரு வரி இருப்பதால், விதிப்படி அது பாராட்டுக் கடிதங்களின் கோப்பில் சேர்க்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த மாதம் பாராட்டுக் கடிதங்கள் நூறைத் தாண்டியதற்குக் குழு தன்னைத்தானே வாழ்த்திக்கொண்டது.

அவளுடைய பயிற்சிக் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. வெளியே வரும்போது தலைமை மருந்தாளுநர் கூடவே வராந்தாவில் நடந்து வந்தார்.

“பிழைக்கத் தெரியாத பொண்ணும்மா நீ.”

“பிழை பண்ணத் தெரிஞ்சதாலதான் சார் இவ்வளவும்” என்றாள் அவள். அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அன்று பிற்பகல் அவர் மணிக்கு முப்பது கையெழுத்துதான் போட்டார் என்று மருந்தகத்தில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் அதற்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் வந்தது.

சனிக்கிழமை பெரியவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மாத்திரைகளை விளக்குவதும் பயிற்சியின் வேலைதான். வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று மகளிடம் கேட்டுவிட்டாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர், “அவளே வரட்டும்” என்றார்.

அவர் சட்டையை மாட்டி, செருப்பும் போட்டு, கட்டில் விளிம்பில் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தார். மகள் தன் நோட்டைப் பிரித்துப் பேனாவோடு பக்கத்தில் நின்றாள். பயிற்சி ஒவ்வொரு மாத்திரை அட்டையாகக் கையில் எடுத்துக் காட்டி, பெயரைச் சொல்லி, எத்தனை, எந்த வேளை, எதற்கு என்று படித்தாள். ஐந்து மாத்திரைகள். மகள் ஐந்துக்கும் குறி போட்டாள்.

“மறுபடி படி” என்றார் பெரியவர்.

படித்தாள். வராந்தாவில் சக்கர நாற்காலியோடு வந்த ஊழியர் நேரமாகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெரியவர் இடது கையால் ஒவ்வொரு அட்டையையும் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, மடியில் வரிசையாக வைத்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

“இன்னொரு தடவை” என்றார்.

பயிற்சி முதல் அட்டையிலிருந்து ஆரம்பித்தாள்.